இரண்டு மேயர்கள், ஒரு தொகுதி

விடிந்தும் விடியாத நேரத்தில் கோட்டூர்புரம் காந்தி மண்டபம் சாலையில் நிற்பவருக்கு முதலில் கேட்பது ஷூ சத்தம். தனியாகவும் கும்பலாகவும் ஓடுகிறார்கள். ஐ.டி. ஊழியர்கள், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிகள், டாக்டர் மிரட்டியதால் மூச்சிரைக்கத் தெருவுக்கு வந்தவர்கள். இரண்டு மூன்று மணி நேரம் போனால் அதே சாலையில் வேறொரு கூட்டம். பஸ்ஸிலிருந்தும் பறக்கும் ரயிலிலிருந்தும் இறங்கி, முதுகில் புத்தக மூட்டையும் கையில் சாப்பாட்டுப் பையுமாக அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு விரைகிற இளைஞர்கள். சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கிற பகுதியில் இடம் பிடிக்க வேண்டும் என்கிற அவசரம் நடையிலேயே தெரியும். உள்ளே போனால், பட்டம் வாங்கியவர்கள் ஆறாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தை வரிக்கு வரி அடிக்கோடிட்டுப் படித்துக்கொண்டிருப்பார்கள். டி.என்.பி.எஸ்.சி. கேள்விகள் பள்ளிப் பாடத்திலிருந்து வருவதன் விளைவு அது.

ஓட்டத்தையே தன் அரசியல் அடையாளமாக ஆக்கிக்கொண்டவர் மா.சுப்பிரமணியன். போட்டித் தேர்வைத் தொண்டாக எடுத்துக்கொண்டவர் சைதை துரைசாமி. ஒருவர் தி.மு.க.; மற்றவர் எம்.ஜி.ஆர். காலத்து அ.தி.மு.க. கோட்டூர்புரம் இருக்கும் சைதாப்பேட்டைத் தொகுதியில் இருவருமே எம்.எல்.ஏ.வாக இருந்திருக்கிறார்கள். அடுத்தடுத்து சென்னையின் மேயராகவும் இருந்திருக்கிறார்கள். மாநகராட்சியின் வரலாற்றில் இப்படி ஒரு பொருத்தம் அபூர்வம்.

யார் பெரிய தொண்டர் என்கிற பட்டிமன்றத்தை அவரவர் கட்சிக்காரர்கள் நடத்திக்கொள்ளட்டும். தொகுதிக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. சொந்த முயற்சியில் இவ்வளவு செய்யத் தெரிந்த இரண்டு பேர் பத்தாண்டு காலம் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் உட்கார்ந்திருந்தபோது, அந்த நாற்காலியால் செய்ய முடிந்தது எவ்வளவு?

முதல்வரை அனுப்பிய தொகுதி

சைதாப்பேட்டை லேசுப்பட்ட தொகுதி அல்ல. 1967-லும் 1971-லும் கருணாநிதி ஜெயித்தது இங்கேதான். அண்ணா மறைந்து 1969-ல் அவர் முதல்வரானபோது சைதாப்பேட்டையின் எம்.எல்.ஏ. 1984-ல் துரைசாமி இங்கே அ.தி.மு.க. சார்பில் வென்றார். ஊர்ப் பெயர் அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டு இன்றுவரை பிரியவில்லை. சுப்பிரமணியன் 2016-ல் முன்னாள் நிதியமைச்சர் சி.பொன்னையனை இங்கே தோற்கடித்து எம்.எல்.ஏ. ஆனார், 2021 மே மாதம் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரானார். அதற்கு முன் 2006 முதல் 2011 வரை மேயர்.

──────────
நேருக்கு நேர்

2011 அக்டோபர், சென்னை மேயர் தேர்தல்: துரைசாமியும் சுப்பிரமணியனும் மோதினார்கள். மக்கள் நேரடியாக வாக்களித்த அந்தத் தேர்தலில் துரைசாமி ஐந்து லட்சம் வாக்குகளுக்கு மேல் வித்தியாசத்தில் வென்றார். அதே ஆண்டு ஏப்ரலில் கொளத்தூரில் மு.க.ஸ்டாலினிடம் மூவாயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் தோற்றிருந்தவர் அவர்.

2021 ஏப்ரல், சைதாப்பேட்டை சட்டமன்றத் தொகுதி: மறுபடி அதே இருவர். இம்முறை சுப்பிரமணியன் 29 ஆயிரம் வாக்குகளுக்கு மேல் வித்தியாசத்தில் வென்றார்.
──────────

சி.ஐ.டி. நகர் வகுப்பறை

துரைசாமியின் பெயரைச் சொன்னால் தமிழ்நாட்டின் எந்த மூலையிலும் உடனே வரும் சொல் 'மனிதநேயம்'. கோட்டூர்புரத்திலிருந்து ஆற்றைத் தாண்டினால் சிறிது தூரத்தில் சி.ஐ.டி. நகர். அங்கே அந்தப் பெயரில் அவருடைய அறக்கட்டளை 2000-களின் நடுவிலிருந்து குடிமைப் பணித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி தருகிறது. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். தொடங்கி குரூப் தேர்வுகள் வரை அங்கே படித்துத் தேறியவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதாக அறக்கட்டளை கணக்கு சொல்கிறது.

இதன் அருமை, டெல்லிக்குப் போய்த் தனியார் மையத்தில் பணம் கட்டிப் படித்தவர்களுக்குத்தான் முழுதாகத் தெரியும். பயிற்சிக் கட்டணம், அறை வாடகை, மெஸ் பில் எல்லாம் சேர்ந்தால் ஒரு விவசாயக் குடும்பம் நிலத்தை விற்றாக வேண்டும். முதல் முயற்சியிலேயே தேறுவோர் குறைவு. இரண்டாவது வருடத்துக்கு விற்க நிலம் இருக்காது. அந்த இடத்தில் ஒரு அரசியல்வாதி வாசலைத் திறந்துவைத்ததை, அவரை எதிர்த்து வாக்களிக்கிறவர்களும் குறை சொல்வதில்லை.

ஆனாலும் ஒரு முரண் இதில் உண்டு. சென்னை மாநகராட்சியை நடத்துகிற அதிகாரம் ஆணையரிடம் இருக்கிறது. ஆணையர் ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரி. அவரை நியமிப்பதும் மாற்றுவதும் மாநில அரசு. ஐ.ஏ.எஸ். அதிகாரிகளை உருவாக்கும் நிறுவனத்தின் தலைவர் மேயராகி, தன் மன்றத்தின் தீர்மானம் நடைமுறைக்கு வர ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரியின் கையெழுத்தை எதிர்பார்த்திருந்தார். தன்னிடம் படித்தவர்களுக்குக் கிடைத்த அதிகாரம், ஐந்து லட்சம் வித்தியாசத்தில் வென்றவருக்குக் கிடைக்கவில்லை.

அரை மாரத்தான் அமைச்சர்

சுப்பிரமணியன் கொடுப்பதை விட இறங்கிச் செய்வதில் பேர் வாங்கியவர். விபத்தில் காலில் அடிபட்டதையும், சர்க்கரை நோய் இருப்பதையும் மேடைகளில் அவரே சொல்வதுண்டு. அதன் பிறகு ஓட ஆரம்பித்து, 21 கிலோமீட்டர் அரை மாரத்தான்களை நூறுக்கு மேல் ஓடி முடித்தார். 'ஓடலாம் வாங்க' என்று புத்தகமும் எழுதினார். மேயராக இருந்தபோது சுவரொட்டி நாறிய சாலைச் சுவர்களைத் தமிழர் கலை, வரலாற்று ஓவியங்களால் நிரப்பியது பலருக்கு நினைவிருக்கும். எம்.எல்.ஏ.வான பிறகு தொகுதியில் மரக்கன்று நடுவதை வாரந்தோறும் நடக்கும் சடங்குபோல ஆக்கினார்.

அமைச்சரான பிறகுதான் அவருடைய தொண்டு அரசாங்கத்தின் கை கால்களைப் பெற்றது. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனது. அரசு மருத்துவமனை வரிசையில் ஒருநாள் கூலியை இழந்தவர்களைக் கேட்டால் இதன் மதிப்பு புரியும். 2024-ல் ஐ.நா. அமைப்பின் விருதும் வந்தது. விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேர இலவச சிகிச்சை தரும் 'இன்னுயிர் காப்போம்' அதே 2021 டிசம்பரில் தொடங்கியது. அடுத்த வாசலில், கிண்டி கிங் ஆய்வக வளாகத்தில், ஆயிரம் படுக்கைகளுடன் கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை 2023 ஜூன் 15-ல் திறக்கப்பட்டது.

அதே மருத்துவமனையில்தான் 2024 நவம்பரில் பணியிலிருந்த புற்றுநோய் மருத்துவர் ஒருவர் நோயாளியின் மகனால் கத்தியால் குத்தப்பட்டார். மாநிலம் முழுக்க டாக்டர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆள் பற்றாக்குறை, பாதுகாப்பு, ஒப்பந்த நர்ஸ்களின் பணி நிரந்தரம் என்று கட்டடத்துக்குள்ளே இருந்த பிரச்னைகள் எல்லாம் அந்த வாரம் வெளியே வந்தன. கட்டடம் திறப்பது ஒருநாள் வேலை. அதில் ஆள் போடுவது ஒவ்வொரு பட்ஜெட்டிலும் நடக்க வேண்டிய வேலை. சுப்பிரமணியனுக்குச் சொந்தமாகவும் சிக்கல் உண்டு. கிண்டி தொழிற்பேட்டையில் சிட்கோ மனை ஒன்று தொடர்பான வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று. குற்றச்சாட்டை அவர் மறுத்திருக்கிறார்.

ஒரு ஆற்றங்கரை, நான்கு அலுவலகங்கள்

கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையில் நின்று, இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டுப் பாருங்கள். ஆறு, நீர்வளத் துறையினுடையது. கரையோர மழைநீர் வடிகால் மாநகராட்சியினுடையது. அதே தெருவில் ஓடும் கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்தினுடையது. ஆற்றை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு, குடிசை மாற்று வாரியமாக இருந்து 2021-ல் பெயர் மாறிய நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தினுடையது. மேயருக்கு இதில் முழுதாகச் சொந்தமானது வடிகால் ஒன்றுதான்.

2015 டிசம்பர் 1-ம் தேதி இரவு இந்தப் பங்கீட்டின் விலை தெரிந்தது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு கரை மீறியது. கோட்டூர்புரத்தில் தரைத்தள வீடுகள் மூழ்கின. படகு வந்து ஆட்களை இறக்கியது. குடிசைவாசி, ஹவுசிங் போர்டு குடும்பம், பங்களாக்காரர் என்கிற வித்தியாசம் தண்ணீருக்குத் தெரியவில்லை. அது வடிந்து திரும்ப எழுந்திருக்கும்போதுதான் வித்தியாசம் தெரிந்தது. 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட மத்திய தணிக்கைத் துறையின் அறிக்கை அதை மனிதர்களால் விளைந்த பேரிடர் என்றே சொன்னது.

அன்றைக்கு மேயர் துரைசாமி. ஏரியின் மதகு அவர் கையில் இல்லை; ஆறும் இல்லை. திட்டு மட்டும் வந்தது. மேயர் எங்கே போனார் என்று கேட்டவர்கள், மதகைத் திறக்கும் முடிவு எந்த அலுவலகத்தில் எடுக்கப்பட்டது என்று கேட்க நேரமாயிற்று. அவர் மீது விமர்சனம் வைக்க இடம் உண்டு. கட்சித் தலைமையைப் புகழ்வதிலேயே மாமன்றக் கூட்டங்களின் நேரம் கழிந்தது. வடிகால் பற்றி எழ வேண்டிய குரல் எழவில்லை. ஆனால் அந்த இரவில் அவர் எவ்வளவு பெரிய வள்ளலாக இருந்திருந்தாலும் அடையாற்றில் ஒரு அங்குலம் தண்ணீர் குறைந்திருக்காது.

நிவாரணப் பொட்டலம், பாய், போர்வை என்று இரு கட்சியினரும் கரையோரம் ஓடி ஓடிக் கொடுத்தார்கள். அதைக் கொச்சைப்படுத்த முடியாது. பசித்தவன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அமைப்புச் சீர்திருத்தம் பேசமாட்டான். சென்னை அரசியலில் தொண்டு இவ்வளவு செழிப்பாக வளர்ந்ததன் காரணமும் இங்கேதான் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பதவியால் செய்ய முடியாததை, பதவியில் இருப்பவர் தன் கையிலிருந்து செய்து காட்ட வேண்டியிருக்கிறது.

மன்றமே இல்லாத ஊர்

பதவியை விட்டுவிட்டு, பதவியில் இருப்பவரின் சொந்தக் கையை நம்பும் இந்தப் பழக்கத்துக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1688-ல் தொடங்கிய மாநகராட்சி இது. மஸ்டர் ரோல் (தினக்கூலிப் பதிவேடு) ஊழல் விவகாரத்தில் 1973-ல் மாமன்றம் கலைக்கப்பட்டது. அதன் பிறகு தேர்தல் நடந்தது 1996-ல். இருபத்து மூன்று ஆண்டுகள் நகரத்துக்கு ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது. குழாயில் தண்ணீர் வராவிட்டால் எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போ, வட்டச் செயலாளரைப் பிடி என்று ஒரு தலைமுறையே பழகிவிட்டது.

இரண்டாவது முறையும் அது நடந்தது. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலைப் பழங்குடியினர் இட ஒதுக்கீட்டுக் குறைபாட்டைக் காட்டி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த மாதம் 24-ம் தேதியோடு மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல். மார்ச்சில் ஆர்.பிரியா மேயரானார், அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பட்டியலினப் பெண். இடையில் ஏறக்குறைய ஐந்தரை வருடம் போயிருந்தது. புயல், குடிநீர்ப் பஞ்சம், கொரோனா எல்லாம் இந்த இடைவெளியில்தான் வந்தன. 2019 கோடையில் குடத்தோடு லாரிக்காகக் காத்திருந்த தெருக்களுக்குக் கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர் இல்லை.

சுப்பிரமணியன் எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.வாக இருந்த ஐந்தாண்டும் இதே காலம். தெருவிளக்கும் சாக்கடை அடைப்பும் சட்டமன்ற உறுப்பினரின் வேலையாகிவிட்டது. சட்டம் இயற்ற அனுப்பப்பட்டவர், தொகுதி நிதியையும் போன் நம்பரையும் வைத்துக்கொண்டு வார்டு வேலை பார்த்தார். நன்றாகவே பார்த்தார் என்பது 2021 வாக்கு வித்தியாசத்தில் தெரிந்தது. பார்க்கத் தெரியாத எம்.எல்.ஏ. வாய்த்த தொகுதிகளின் கதையை யாரும் எழுதவில்லை.

──────────
ஒரு அணாச் சாப்பாடு

1920-ல் சென்னை மாநகராட்சியின் தலைவர் பிட்டி தியாகராயர். ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளி மாணவர்களுக்கு மதிய உணவு தர அவருடைய காலத்து மன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. ஒரு மாணவருக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மிகாத செலவு. தியாகராயர் நீதிக்கட்சியின் பெருந்தலைவர், சொந்தமாகவும் கொடுக்க வசதியுள்ள வணிகர். அவர் தன் பையிலிருந்து கொடுத்திருந்தால் அது அவரோடு முடிந்திருக்கும். மன்றத்தின் செலவுக் கணக்கில் ஏறியதால், நூறாண்டு கழித்தும் காமராஜர், எம்.ஜி.ஆர். திட்டங்களின் முன்னோடியாகப் பேசப்படுகிறது.
──────────

பெயர்ப் பலகை பிழைத்த கதை

துரைசாமி மேயராக இருந்த காலத்தின் பெரிய செயல் எதுவென்று கேட்டால், மனிதநேயத்தைக்கூட ஒதுக்கிவிட்டு அம்மா உணவகம் என்பேன். 2013 பிப்ரவரி 19-ல் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். ஒரு ரூபாய்க்கு இட்லி, ஐந்து ரூபாய்க்கு சாம்பார் சாதம், மூன்று ரூபாய்க்குத் தயிர் சாதம். சமைப்பது சுய உதவிக் குழுப் பெண்கள். சில மாதங்களில் 200 வார்டுகளுக்கும் போயிற்று. பெயர் முதல்வருக்கு, பாத்திரம் கழுவுவதிலிருந்து நஷ்டம் தாங்குவது வரை மாநகராட்சிக்கு. 2015 வெள்ளத்திலும் 2020 ஊரடங்கிலும் இந்த அடுப்புகள் எரிந்ததால்தான் பல வயிறுகள் நிறைந்தன.

2021 மே மாதம் ஆட்சி மாறியது. முடிவு வந்த இரண்டாம் நாளே முகப்பேர் பக்கம் ஒரு அம்மா உணவகத்தில் தி.மு.க.வினர் சிலர் புகுந்து பலகையைப் பிய்த்தெறிந்தார்கள். வீடியோ பரவியது. அன்று மாலைக்குள் பலகை மறுபடி மாட்டப்பட்டது. பிய்த்தவர்களைக் கட்சியிலிருந்து நீக்கவும் வழக்குப் போடவும் ஸ்டாலின் உத்தரவிட்டார் என்கிற செய்தியைப் படத்தோடு வெளியிட்டவர் வேறு யாருமல்ல, மா.சுப்பிரமணியன். தன்னை 2011-ல் தோற்கடித்தவரின் நிர்வாகத்தில் வளர்ந்த உணவகத்துக்காக, 2021-ல் அவரைத் தோற்கடித்த இரண்டே நாளில், பேச வேண்டிய வேலை அவருக்கு வந்தது. தமிழ்நாட்டு அரசியலில் பெருமையோடு சொல்லிக்கொள்ளக்கூடிய நாட்களில் அது ஒன்று. 2024 ஜூலையில் உணவகங்களைப் புதுப்பிக்க 21 கோடி ரூபாயும் அறிவிக்கப்பட்டது.

கோட்டூர்புரம் இதன் மறுபக்கத்தையும் பார்த்த ஊர். 2010 செப்டம்பர் 15-ல் கருணாநிதி திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தை, அடுத்த வருடமே இடம் மாற்றிவிட்டு, அந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்க ஜெயலலிதா அரசு முடிவெடுத்தது. உயர் நீதிமன்றம் தடுத்தது. தப்பித்தாலும் பல வருடம் நூலகம் கவனிப்பாரற்று நோஞ்சானாகக் கிடந்தது. அதை நாளும் விடாமல் போய்ப் போய் உயிரோடு வைத்தவர்கள் தேர்வுக்குப் படிக்க வந்த பிள்ளைகள்தான். அவர்களில் எத்தனையோ பேர் சி.ஐ.டி. நகரில் வகுப்பு கேட்டுவிட்டு இங்கே வந்து படித்திருப்பார்கள். கருணாநிதி கட்டிய நூலகத்தில், எம்.ஜி.ஆர். தொண்டர் நடத்திய பயிற்சியோடு, யாருக்கும் நன்றிக்கடன் இல்லாமல் ஒருவர் துணை ஆட்சியராகப் போகிறார் என்றால், இரு கட்சியும் சேர்ந்து செய்த சாதனை என்று அதைத்தான் சொல்ல வேண்டும்.

யாரும் ரிப்பன் வெட்டாத இடம்

பறக்கும் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மரப்பூங்கா இருக்கிறது. ஒரு காலத்தில் குப்பை மேடு. 2006 முதல் 'நிழல்' அமைப்பும் அக்கம்பக்கத்துக் குடியிருப்புவாசிகளும் மாநகராட்சியின் துணையோடு நாட்டு மரங்களை நட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் களை பிடுங்கி வளர்த்தார்கள். மரக்கன்று நடும் விழாவுக்கு வரும் அரசியல்வாதிகள் எல்லோரும் ஒருமுறை இங்கே வந்து பார்க்கலாம். நடுவதற்குப் பத்து நிமிடம். தண்ணீர் ஊற்றப் பத்து வருடம். பூங்காவைக் காட்டி யாரும் ஓட்டு கேட்டதாகத் தெரியவில்லை. அதனாலேயோ என்னவோ ஆட்சி மாறியபோது அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

இப்படிப்பட்டவர்கள் சட்டப்படி பேச ஒரு இடமும் வந்திருக்கிறது. வார்டு குழு, ஏரியா சபை இரண்டுக்கும் விதிகள் வகுத்து, 2022 நவம்பர் 1-ல் ஏரியா சபைகள் கூடத் தொடங்கின. கிராம சபை போல நகரத்திலும் தெருவாசிகள் உட்கார்ந்து கவுன்சிலரைக் கேள்வி கேட்கலாம். என்றைக்குக் கூடுகிறது என்று தெருவில் விசாரித்தால் பெரும்பாலும் பதில் வராது. எம்.எல்.ஏ. ஆபீஸ் எங்கே என்று கேட்டால் ஆட்டோக்காரர்கூட வழி சொல்வார்.

வாக்காளர் பட்டியலை விட்டுப் போனவர்கள்

சைதாப்பேட்டை முதல் கோட்டூர்புரம் வரை அடையாற்றங்கரையில் குடியிருந்த குடும்பங்களில் கணிசமானவை, வெள்ளத்துக்குப் பின் பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டன. அடுக்குமாடியில் வீடு கிடைத்தது. வேலை இங்கேயே இருந்தது. வீட்டு வேலை, செக்யூரிட்டி, பெயின்டிங் வேலைகளுக்காக விடிகாலை பஸ் பிடித்துப் பழைய இடத்துக்கே வருகிறார்கள். பள்ளிக்கூடம் நடுவில் மாறியதால் படிப்பை விட்ட பிள்ளைகள் உண்டு. பஸ் கட்டணமும் நேரமும் கட்டுப்படியாகாமல் வேலையை விட்ட பெண்களும் உண்டு.

இருபது முப்பது வருடம் இரு தலைவர்களின் கூட்டங்களுக்கும் போனவர்கள் இவர்கள். பொட்டலம் வாங்கியவர்கள், மரக்கன்று நட்டபோது கைதட்டியவர்கள், பூத் கமிட்டியில் உட்கார்ந்தவர்கள். மனுவை யாரிடம் கொடுத்தால் வேலை நடக்கும் என்கிற வரைபடம் அவர்கள் மனதில் இருந்தது. பெரும்பாக்கம் அப்போது சென்னை மாநகராட்சிக்கு வெளியே இருந்த ஊராட்சி. சட்டமன்றத் தொகுதி சோழிங்கநல்லூர். முகவரி மாறிய அன்றே எம்.எல்.ஏ.வும் உள்ளாட்சியும் மாறிப்போயின. குழாய் வராத நாளில் பழைய எம்.எல்.ஏ. ஆபீஸுக்கு போன் செய்தால், நீங்கள் இப்போது எங்கள் தொகுதி இல்லை என்பதுதான் பதிலாக இருக்க முடியும். சட்டப்படி அந்தப் பதிலில் தப்பும் இல்லை. இடம் மாற்றும் உத்தரவில் வீட்டு எண் இருந்தது, பிளாக் எண் இருந்தது. அங்கே போன பிறகு யாரிடம் போய் நிற்க வேண்டும் என்பதை, வீட்டுச் சாவியைக் கொடுத்த வாரியத்தில் தொடங்கி ஓட்டு வாங்கிய கட்சிகள் வரை, யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.